செய்தாயிற்று என்னும் ஞாபகம்

பிரமாண சாஸ்திரம் பயின்றவர்கள் நெடுங்காலமாக வாதித்து வந்த கேள்விகளுள், பார்வைக்கு அற்பமாகத் தோன்றி, உள்ளே நுழைந்தபின் எளிதில் வெளியேற விடாத கேள்வி ஒன்று உண்டு. எதிரே இருக்கும் குடத்தை ஒருவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான். முதல் க்ஷணத்தில் ‘இது குடம்’ என்று பிறந்த ஞானம் இரண்டாம் க்ஷணத்திலும் மூன்றாம் க்ஷணத்திலும் அவ்வாறே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிற்பட்ட க்ஷணங்களின் ஞானத்தையும் உண்மையறிவு என்று கொள்ளலாமா? தாராவாகிக ஞானம் என்று இதற்குப் பெயர். முன்பு அறியப்படாததை அறிவிப்பதே பிரமாணம் என்று இலக்கணம் வகுத்தவர்களுக்கு இது சங்கடமான கேள்வி; ஏனெனில் இரண்டாம் க்ஷணத்தில் குடம் புதிதாக ஒன்றும் அறியப்படவில்லை. பாட்ட மீமாம்ஸகர்கள், காலமும் பிரத்தியட்சத்துக்கு விஷயமே, ஆகையால் ஒவ்வொரு க்ஷணத்திலும் ‘இக்கணத்துக் குடம்’ என்ற புதுப்பொருளே அறியப்படுகிறது என்று சொல்லித் தப்பினார்கள். புதுமையை இலக்கணத்தில் சேர்க்காத நையாயிகர்களுக்குத் தப்பவேண்டிய அவசியமே நேரவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வேதாந்த பரிபாஷை என்னும் சிறுநூலை இயற்றிய தர்மராஜ அத்வரீந்திரர், தஞ்சைச் சீமையின் கண்டரமாணிக்கத்தைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் அந்த மகாவித்துவான், மீமாம்ஸகர் சமாதானத்தை முதலில் எடுத்துரைத்துவிட்டு, பிறகு தம் சித்தாந்தத்தைத் தனியே சொல்கிறார்: மாறான வேறொரு விருத்தி மனத்தில் எழாத வரையில், குடத்தின் உருக்கொண்ட அந்தக்கரண விருத்தி ஒன்றே, எனவே ஞானமும் ஒன்றே, முதலும் இரண்டும் மூன்றும் என்று பிரிப்பதற்கு அங்கே இடமில்லை.

கண் குடத்தின்மேல் இருக்கும்வரை குடம் எங்கே போய்விடப் போகிறது, இதற்கு இத்தனை சர்ச்சையா என்று படிக்கிறவனுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் கண் குடத்தை விட்டு அரை நொடி அகன்று மீண்டதாக வைத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. அகன்றிருந்த நேரத்தில் அவனிடம் இருந்தது அனுபவமா, ஸ்மிருதி என்னும் ஞாபகமா? அனுபவம் என்றால் இந்திரியத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தம் வேண்டும், அது அறுந்துவிட்டது. ஸ்மிருதி என்றால், முன்பு அறியப்படாததை அறிவிப்பது என்ற இலக்கணத்தின்படியே அது பிரமாணப் பந்தியில் உட்காரத் தகுதியற்றது. அவனுக்கோ தன்னிடம் நேர்ந்த மாறுதல் தெரிவதில்லை. மாறான விருத்தி ஒன்றும் எழவில்லையாகையால், இன்னும் குடத்தைக் கண்டுகொண்டிருப்பதாகவே அவன் எண்ணுகிறான். அனுபவம் ஸ்மிருதியாக மாறிய அந்தக் கணத்தை உள்ளிருந்து காண முடியாது என்பதுதான் இவ்விஷயத்தின் அபாயம்.

இந்த அபாயம் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு, சாஸ்திரத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஓரிடத்திலிருந்து 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு சாட்சி கிடைத்தது. உலகத்தின் சர்வர்களில் பெரும்பான்மையையும் ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் அனைத்தையும் இயக்கும் லினக்ஸ் கெர்னலில், ‘டர்ட்டி கௌ’ என்று பெயரிடப்பட்ட ஒரு பிழை அம்மாதத்தில் பகிரங்கமாயிற்று. பெயரின் அநாகரிகத்தை நாம் பொருட்படுத்த வேண்டாம். சாதாரணப் பயனர் ஒருவர், தமக்குப் படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒரு கோப்பில் எழுதிவிடலாம், அதன் வழியே யந்திரம் முழுவதற்கும் எஜமானர் ஆகிவிடலாம் என்பது அப்பிழையின் விளைவு. குறைந்தபட்சம் 2007-இல் வெளிவந்த 2.6.22 பதிப்பு முதலேனும் அது அங்கே இருந்தது. பிழையை விவரித்த பொறியாளர்கள் அதை ரேஸ் கண்டிஷன் என்ற தங்கள் பரிபாஷையில் சொன்னார்கள். என் அபிப்ராயத்தில் அது தாராவாகிக ஞானத்தைப் பற்றிய பிழை.

அப்பிழை குடியிருந்த இடம் கெர்னலின் மெய்நிகர் நினைவக ஏற்பாடு. மெய்நிகர் நினைவகம் என்றவுடனே மாயையை இழுத்து வந்து நிறுத்துவது நம்மவர்க்குக் கைவந்த வழக்கம். இல்லாத விஸ்தாரத்தை இருப்பதுபோல் காட்டுவது, ஒவ்வொரு நிரலுக்கும் தான் ஒருவனே உலகத்தின் உடைமையாளன் என்ற எண்ணத்தை உண்டாக்குவது, இவையெல்லாம் அந்த ஒப்புமைக்கு இடங்கொடுக்கத்தான் செய்கின்றன. 1962-இல் மான்செஸ்டரில் டாம் கில்பர்னும் அவர் சகாக்களும் இயக்கிவைத்த அட்லஸ் யந்திரத்திலேயே இந்த ஏற்பாடு பிறந்துவிட்டது. பதினாறாயிரத்துச் சொச்சம் சொற்களே கொள்ளும் காந்த வளைய நினைவகத்தையும், அதனினும் பெரிய, ஆனால் மெதுவான, உருளையையும் இணைத்து, நிரல் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே களஞ்சியமாய்த் தெரியும்படி அவர்கள் செய்தார்கள். ஆனால் மாயை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பது தவறு. அந்த மாயை பிசகில்லாமல் நடக்கும்போது அதில் தத்துவ விசாரணைக்கு அதிகம் இடமில்லை. அது எந்த இடத்தில் தவறுகிறது, தவறும்போது குற்றம் எதனுடையது என்பதே விசாரிக்கத்தக்கது.

ஆகவே ஏற்பாட்டைச் சற்றே விளக்கிக்கொள்வோம். நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. இன்றைய சாதாரண யந்திரங்களில் ஒரு பக்கம் 4096 பைட்டுகள். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பக்க அட்டவணை உண்டு. நிரல் சொல்லும் முகவரி எந்த உண்மைப் பக்கத்தைக் குறிக்கிறது, அதில் படிக்கலாமா எழுதலாமா, எழுதப்பட்டு ‘அழுக்கு’ அடைந்திருக்கிறதா என்ற விவரங்கள் அந்த அட்டவணையில் பதிவாகியிருக்கும். ஒரே கோப்பைப் பல நிரல்கள் படிக்குமானால் ஒவ்வொருவருக்கும் தனிப்பிரதி எடுத்துக் கொடுப்பது வீண் செலவு; எனவே எல்லோரும் மூலப்பக்கத்தையே பகிர்ந்து படிக்கட்டும், எவராவது எழுத முற்படும் சமயத்தில் அவருக்கு மட்டும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது ‘காப்பி-ஆன்-ரைட்’ என்னும் யுக்தி. மூலம் தீண்டப்படாது; எழுத்து நகலில் விழும். நகல் எடுத்த பிறகுதான் எழுதுவது என்ற ஒழுங்கில் அணுவளவும் பிசகக் கூடாது. பிசகினால் ஒருவருக்கு மட்டும் உரிய கிறுக்கல் எல்லோருக்கும் உரிய மூலத்தின்மேல் விழுந்துவிடும்.

விழுந்த கதை இது. ஒரு நிரல், தனக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பொன்றை, சொந்த நகல் என்ற நிபந்தனையின்பேரில் தன் நினைவகத்தில் விரித்துக்கொள்கிறது. தன் நினைவகத்தையே ஒரு கோப்பைப்போலத் திறந்து எழுதுவதற்கு லினக்ஸில் ஒரு வாயில் உண்டு. பிழை தேடும் டிபக்கர்களின் சௌகரியத்துக்காக, படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்ட பக்கத்திலும் அவ்வாயில் வழியே எழுத அனுமதி உண்டு, எழுத்து நகலிலேயே விழும் என்ற உறுதியின்பேரில். நிரலின் முதல் இழை இவ்வாயிலில் நின்று எழுத முற்படுகிறது. கெர்னல் ‘எழுதுவதற்காக’ என்ற குறியோடு பக்கத்தைத் தேடுகிறது, பக்கம் இல்லை. மூலத்திலிருந்து நகல் எடுத்து அட்டவணையில் சேர்க்கிறது. மீண்டும் தேடுகிறது, நகல் இருக்கிறது, ஆனால் அதன்மேல் ‘படிக்க மட்டும்’ என்ற அடையாளமே இருக்கிறது, ஏனெனில் விரித்தபோது நிரல் கேட்ட உரிமை அவ்வளவுதான். ‘எழுதுவதற்காக’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இந்தத் தேடல் ஒருநாளும் முடியாது. எனவே கெர்னலை எழுதினவர்கள் ஒரு சமாதானம் கண்டார்கள்: நகல்தான் எடுத்தாயிற்றே, இனி மூலத்துக்கு ஆபத்தில்லை; ஆகையால் ‘எழுதுவதற்காக’ என்ற குறியை இறக்கிவிட்டு, படிக்கிறவனைப்போலக் கேட்டால் நகல் கிடைத்துவிடும், கிடைத்ததில் எழுதிக்கொள்ளலாம். தர்க்கத்தில் பழுதில்லை. குறியை இறக்கிய அந்தக் கணத்தில், நகல் இருந்தது என்பதும் உண்மை.

குறியை இறக்கியதற்கும் மறுபடி தேடுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில், அதே நிரலின் இரண்டாம் இழை, வேறொரு பிராசசரில் ஓடிக்கொண்டிருப்பது, ‘இப்பக்கங்கள் எனக்கு இனி வேண்டாம்’ என்று கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்ல அதற்குப் பூரண உரிமை உண்டு. கெர்னல் நகலை எறிந்துவிடுகிறது. இப்போது முதல் இழை படிக்கிறவனின் வேடத்தில் வந்து பக்கத்தைக் கேட்கிறது. நகல் இல்லை, படிக்கிறவனுக்கு நகல் எடுத்துத் தரவேண்டிய அவசியமும் இல்லை, கெர்னல் தாராளமாக மூலப்பக்கத்தையே நீட்டுகிறது. ‘நகல் எடுத்தாயிற்று’ என்ற நிச்சயத்தோடு முதல் இழை மூலத்தின்மேல் எழுதிவிடுகிறது.

இக்கதையை எத்தனை முறை வரிவரியாகப் புரட்டிப் பார்த்தாலும் பொய் சொன்னவர் ஒருவரும் அகப்பட மாட்டார். பார்த்தவன் உள்ளதைப் பார்த்தான். எறிந்தவன் தனக்குரியதை எறிந்தான். நீட்டியவன் கேட்டவனுக்கு உரியதை நீட்டினான். இரண்டு இழைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, எந்த வரிசையில் ஓட்டினாலும், தவறு நேர்வதில்லை. கர்மத்துக்குக் கர்த்தா ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்று பழகிப்போன மனத்துக்கு இது மிகவும் அசௌகரியமான நிலை. ஆனால் குற்றம் கர்த்தாவற்றுப் போய்விடவில்லை என்றே நான் கருதுகிறேன். அது செயலில் இல்லாமல் பிரமாணத்தில் இருக்கிறது. குறியை இறக்கிய கணத்தில் ‘நகல் உண்டு’ என்பது அனுபவம். இடைவெளியைத் தாண்டியபின் அது ‘நகல் எடுத்தேன்’ என்னும் ஸ்மிருதி. கெர்னல் அந்த ஸ்மிருதியை அனுபவத்தின் ஆசனத்திலேயே உட்காரவைத்து, அதன் சொல்லைக் கேட்டு எழுதிற்று. மேலும் ஒரு நுட்பம் உண்டு: அது ஞாபகமாகக்கூட வைத்திருக்கப்படவில்லை. ஒரு குறி இல்லாமல் இருப்பதே, செய்து முடித்ததற்கு அத்தாட்சியாய் நின்றது. ‘எழுதுவதற்காக’ என்று ஏன் கேட்கவில்லை என்று அந்த இடத்தில் யாராவது வினவியிருந்தால், வினவியவருக்குக் காட்ட அங்கே ஒன்றும் இருந்திராது.

பூட்டு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஒன்றையொன்று விலக்கும் முறைக்கு 1965-லேயே டைக்ஸ்ட்ரா வழி சொல்லிவிட்டார். லினக்ஸில் ஒவ்வொரு நிரலின் நினைவகத்துக்கும் அப்படி ஒரு பூட்டு உண்டு. வாசகர் பலர் ஒருங்கே நுழையலாம், மாற்றுகிறவர் மட்டும் தனித்தே நுழைய வேண்டும் என்பது அதன் விதி. முதல் இழை அப்பூட்டை வாசகனாகப் பிடித்திருந்தது; பக்கங்களை எறிந்த இரண்டாம் இழையும் வாசகனாகவே பிடித்திருந்தது. இதைச் சூழ்ச்சி என்று சொல்ல இயலாது. அப்பூட்டு காப்பது எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிவரை எந்தக் கோப்பு விரிந்திருக்கிறது என்ற வரைபடத்தை. பக்கங்களை எறிகிறவன் வரைபடத்தைத் தொடுவதில்லை. எனவே அவன் வாசகனே. முதல் இழைக்கு வேண்டியிருந்ததோ பக்கத்தைப் பற்றிய உறுதி. வரைபடத்துக்கான பூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் பற்றி நிம்மதியாய் இருந்துவிட்டது. இந்த மயக்கம் அத்தோடு தீர்ந்ததென்று நினைத்தால், 2023-இல் ‘ஸ்டாக்ராட்’ என்ற பெயரில் அதன் தாயாதி ஒன்று வந்தது. ஸ்டாக் என்னும் பகுதி வளரும்போது அதன் எல்லையைக் கெர்னல் வாசகப் பூட்டின் கீழேயே நகர்த்தி வந்தது. எல்லை என்பது இருந்த இடத்திலேயே திருத்தப்படும் ஓர் எண்ணாயிருந்த காலத்தில் அதனால் தீங்கு விளையவில்லை. 6.1 பதிப்பில் வரைபடத்தை ‘மேப்பிள் ட்ரீ’ என்ற புதிய மர அமைப்பில் வைத்தபோது, எல்லையை நகர்த்துவது மரத்தின் கணுவையே மாற்றி வைப்பதாயிற்று. பழைய கணுவைப் பிடித்திருந்த மற்றொரு வாசகன், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட நேர்ந்தது. ஸ்டாக்கை வளர்ப்பவன் இனி மாற்றுகிறவனாகவே பூட்டைப் பிடிக்கவேண்டும் என்று விதி செய்து அதைத் தீர்த்தார்கள். அங்கும் எவரும் புதிதாக ஒரு தவறைச் செய்யவில்லை. நெடுநாள் சரியாயிருந்த ஒரு பழக்கத்தின் காலம் கடந்துபோயிருந்தது.

நம் பிரமாண சாஸ்திரங்கள் எல்லாம் அறிகிறவனை நோக்கியே பேசுகின்றன. இது அவற்றின் பெருமை, குறையும் அதுவே என்று சொல்லத் துணிகிறேன். அறிவு பழுதுபடாமல் இருப்பதற்கு அறிகிறவன் என்ன செய்யவேண்டும் என்று அவை கேட்கின்றன. அறியப்படும் பொருளை மாற்றுகிறவனுக்கு ஏதேனும் கடமை உண்டா என்று கேட்பதில்லை. குடத்தைப் பார்ப்பவன் ஒருவன், அதை எடுத்துச் செல்பவன் மற்றொருவன் என்ற நிலையில், ‘எடுத்துக்கொண்டேன்’ என்று சொல்லவேண்டிய பொறுப்பு எடுத்தவனுக்கு இல்லையா? கெர்னலை எழுதுகிறவர்கள் உண்டு என்று தெளிவாக விடை சொல்லி, அதை நிறைவேற்றியும் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிராசசரும் பக்க அட்டவணையில் அண்மையில் பார்த்த விவரங்களை டி.எல்.பி. என்ற சிறு ஞாபகப் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் அட்டவணைக்குப் போய் வந்தால் வேகம் கெட்டுவிடும். அட்டவணையில் ஒரு பக்கத்தின் விவரத்தை எவனாவது நீக்கினால், அதை ஞாபகத்தில் வைத்திருக்கக்கூடிய மற்றப் பிராசசர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி, அவை தத்தம் ஞாபகத்தைத் துடைத்துவிட்டதாக உறுதிப்பட்ட பிறகே அவன் அந்தப் பக்கத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கலாம். x86 யந்திரங்களில் இச்செய்தி ஓர் இண்டரப்டாகப் போகிறது. பிராசசர்கள் பெருகப் பெருக இதன் செலவும் பெருகுவதால், இதைக் குறைப்பதற்காகவே எழுதப்பட்ட யுக்திகள் பல. ஆர்.சி.யு. என்ற மற்றொரு முறையில் பொறுப்பு இன்னும் மென்மையான உருவம் எடுக்கிறது: பால் மெக்கென்னி முதலியோர் வளர்த்த அம்முறையில், மாற்றுகிறவன் புதியதை நிறுவிவிட்டு, பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர் எல்லோரும் தாமாக வெளியேறும்வரை பழையதை அழிக்காமல் காத்திருக்கிறான். பார்ப்பவன் பழைய உலகத்தில் இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். அவன் பார்த்து முடிக்கும்வரை அந்த உலகத்தைக் கலைக்காமலிருப்பது தன் கடமை என்று ஏற்கிறான்.

இத்தனை கடமையும் ‘டர்ட்டி கௌ’ விஷயத்தில் நிறைவேற்றப்பட்டிருந்தது என்பதுதான் வியப்பு. நகலை எறிந்தவன் அட்டவணையிலிருந்து விவரத்தை நீக்கினான். பிராசசர்களின் ஞாபகத்தைத் துடைத்தான். ஒருவருக்கும் தெரியாமல் எதையும் செய்யவில்லை. ஆனால் ‘நகல் எடுத்தாயிற்று’ என்ற நிச்சயம் எந்த அட்டவணையிலும் இல்லை, எந்த ஞாபகப் பெட்டியிலும் இல்லை. முதல் இழையின் அந்தரங்கத்தில், அது ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபங்க்ஷனின் தற்காலிக மாறி ஒன்றில் இருந்தது. அங்கே எந்த இண்டரப்டும் எட்டாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கினவருக்கு, அச்சான்று இன்ன தேதிவரையில் என்று கண்டிருப்பது தெரியும். வாங்கிய மறுநாள் நிலத்துக்காரர் அதை அடமானம் வைத்தால் அலுவலகப் பதிவேட்டில் அது ஏறிவிடும், ஆனால் நம் பெட்டியில் கிடக்கும் காகிதத்தைத் தேடி வந்து எவரும் திருத்தித் தரமாட்டார்கள். பொதுவில் வைத்திருக்கும் ஞாபகத்தை மாற்றுகிறவன் வந்து திருத்தலாம், திருத்தவும் வேண்டும். அந்தரங்கத்துக்குள் எடுத்துச் சென்றுவிட்ட ஞாபகத்தைத் திருத்தக்கூடியவன் அதன் உடையவன் ஒருவனே. அவனும் உபயோகிக்கும் கணத்தில்தான் திருத்த முடியும், அதற்கு முன்பு எத்தனை தடவை சரிபார்த்தாலும் அது மற்றுமொரு ஞாபகமாகவே சேரும். மாற்றுகிறவனின் கடமையைப் பற்றிச் சாஸ்திரங்கள் பேசாமல் விட்டதைக் குறை என்றேன். அக்கடமைக்கு எல்லை உண்டு என்பதையும், எல்லைக்கு அப்பால் அவை சொன்ன வழியே வழி என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தை எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இந்தப் பிழையைப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, 2005-இல், தாமே ஒருமுறை திருத்த முயன்றதையும், அது சரியாகச் செய்யப்படாததையும், ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்/390 பெருங்கணினிகளில் அதனால் சங்கடம் எழுந்து பின்வாங்க நேர்ந்ததையும் அத்திருத்தத்தின் குறிப்பிலேயே அவர் பதிந்திருக்கிறார். அன்று ஏட்டளவில் மட்டும் சாத்தியமாயிருந்த இந்த இடைவெளி, கெர்னலின் பிற பகுதிகள் பல பிராசசர்களில் ஒருங்கே ஓடத் தேறியதனாலேயே, நடைமுறையில் எளிதாயிற்று என்றும் சொல்கிறார். இது நின்று யோசிக்கத்தக்கது. 1996-இல் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டாக வைக்கப்பட்டதை, சிறுகச் சிறுகப் பிரித்து, 2011-இல் அடியோடு நீக்கினார்கள்; ஒவ்வொரு பூட்டு சிறுத்தபோதும் வேகம் கூடிற்று, அதனோடு ஒருவன் கண்டதற்கும் செய்வதற்கும் நடுவே மற்றொருவன் நுழைவதற்கான வாசல்களும் கூடின. பிழை வளரவில்லை, அதைச் சுற்றியிருந்த உலகம் வளர்ந்து அதற்கு வாய்ப்பளித்தது.

புதிய திருத்தத்தின் சாரம், இறக்கிய குறியை இறக்காமல் வைத்துக்கொள்வது. ‘எழுதுவதற்காக’ என்றே கடைசிவரை கேட்பது. ‘நகலெடுப்பு நடந்தது’ என்பதற்குத் தனியே ஒரு குறியை வைப்பது. ஆனால் அக்குறியை மட்டும் நம்பாமல், உபயோகிக்கும் கணத்தில் பக்க அட்டவணையைப் பார்த்து, அங்குள்ள பக்கம் அழுக்கு அடைந்திருக்கிறதா என்று சோதிப்பது. அழுக்கு அடைந்திருந்தால் அது நகல். மூலமாயிருந்தால் அழுக்கு இராது. ஸ்மிருதியின் இடத்தில் அனுமானம் வந்து அமர்ந்தது. எஸ்/390 யந்திரங்களில் அழுக்கைக் குறிக்கும் அடையாளம் பக்க அட்டவணையில் இல்லாமல் உண்மைப் பக்கத்தோடு சேர்ந்து வேறிடத்தில் இருந்தது, 3.9 பதிப்பில் அதையும் மென்பொருளாலேயே அட்டவணைக்குள் கொண்டுவந்த பிறகுதான் இந்த அனுமானம் எல்லா யந்திரங்களிலும் செல்லுபடியாயிற்று.

அனுமானம் என்று சொன்னவுடன் நையாயிகன் காதைத் தீட்டிக்கொள்வான். ‘இது நகல், அழுக்காயிருப்பதால்’ என்பது வாக்கியமானால், அழுக்காயிருப்பது ஹேது; எங்கெங்கே அழுக்கு உண்டோ அங்கெல்லாம் நகலெடுப்பு உண்டு என்ற வியாப்தி அதற்கு வேண்டும்; அந்த வியாப்தி ஓரிடத்திலேனும் தவறினால் ஹேது வியபிசாரம் உடையதாகி, அனுமானம் சரிந்துவிடும். சரிந்தது. 2017 நவம்பரில், இரண்டு மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்கள் விஷயத்தில், கெர்னலின் ஒரு மூலையில், பக்கத்தைத் தொட்டு அடையாளமிடும் சிறு வழக்கம் ஒன்று, எவரும் எழுதாதபோதே அழுக்குக் குறியை இட்டுவிடுவது கண்டுபிடிக்கப்பட்டது. கோப்புகளில் எழுதிவிடும் அளவுக்கு அப்பிழை பரவவில்லை, எல்லோருக்கும் பொதுவான பூஜ்ஜியப் பெரும்பக்கத்தையும் முத்திரையிட்ட பகிர்வு நினைவகத்தையும் தொடுவதோடு நின்றது. ஆனால் நகலெடுப்பில்லாத அழுக்கு உண்டு என்பதற்கு அது திருஷ்டாந்தமாகிவிட்டது. அதை அடைத்தார்கள். 2022-இல் மற்றொரு மூலையிலிருந்து அதே வியபிசாரம் வந்தது: பகிர்வு நினைவகத்தின் பக்கத்தை வேறொரு புதிய வழியே அட்டவணையில் சேர்க்கும்போது அது அழுக்கு என்ற குறியோடேயே சேர்ந்தது. முதல் திருத்தத்தை எழுதினவருடைய யோசனையில் இந்த வழிகள் எப்படி இருந்திருக்க முடியும்? இரண்டாவது வழி அன்று பிறக்கவே இல்லை. வியாப்தியை நிச்சயிப்பது எங்ஙனம், இதுவரை காணாத ஓரிடத்தில் அது தவறாது என்பதற்கு உத்தரவாதம் ஏது என்று சார்வாகர்கள் எழுப்பிய ஆட்சேபத்தை நாம் பலமுறை படித்து, பலமுறை சிரித்து ஒதுக்கியிருக்கிறோம். உலகம் நிலையாயிருக்கும் இடங்களில் ஒதுக்கலாம். ஒவ்வொரு பத்து வாரத்துக்கும் ஒரு புதிய பதிப்பாக உலகமே மாற்றி எழுதப்படும் இடத்தில் சார்வாகன் வென்றுவிடுகிறான்.

2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அழுக்கை நம்புவதையே விட்டுவிட்டது. நகலெடுப்பு நடந்ததைக் குறித்த அந்தத் தனிக்குறியையும் எடுத்தெறிந்தது. அதற்குச் சற்று முன்புதான், 5.19 பதிப்பில், ‘இப்பக்கம் இந்த ஒருவனுக்கே உரியது’ என்ற அடையாளத்தைப் பக்கத்தின்மேலேயே வைக்கும் ஏற்பாடு வந்திருந்தது. இனி அதைப் பார்த்தே எழுதலாம், எழுதக்கூடாது என்று நிர்ணயிப்பது என்றார்கள். இது பிரத்தியட்சமா என்றால், இல்லை, இதுவும் அனுமானமே. அடையாளத்தைப் பார்த்து உரிமையை அறிவது அனுமானம் ஆகாமல் வேறென்ன? ஆனால் பழைய ஹேது வேறொரு காரியத்துக்காகப் பிறந்தது. அழுக்குக் குறி, பக்கத்தைத் திருப்பி எழுதிவைக்க வேண்டுமா என்பதை அறிவிக்க ஏற்பட்டது. நகலெடுப்புக்குச் சாட்சி சொல்லும்படி அதைப் பிடித்து இழுத்து வந்தார்கள், தன் காரியத்துக்கு அவசியமானபோதெல்லாம் அது இந்தச் சாட்சியத்தை மறந்துவிட்டது. புதிய அடையாளமோ, தனியுரிமையைத் தெரிவிப்பதற்கென்றே இடப்படுவது. உரிமை பகிரப்படும் ஒவ்வொரு இடத்திலும் அதை அழிக்கவேண்டும் என்ற கடமை, பகிர்கிறவன்மேல், அதாவது மாற்றுகிறவன்மேல், சுமத்தப்பட்டிருக்கிறது. ஹேதுவும், அதனால் நிறுவப்படும் சாத்தியமும் ஒரே கையால் வைக்கப்பட்டு ஒரே கையால் எடுக்கப்படுகின்றன. இதற்கு மேல் ஒரு வியாப்தியைக் கேட்பது பேராசை.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி போய்விடவில்லை. பக்க அட்டவணைக்குரிய சிறுபூட்டைப் பிடித்தபடி அடையாளத்தைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன், இப்பக்கத்தை நான் பிடித்திருக்கிறேன் என்று அதன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறார்கள். பிறகு பூட்டை விட்டுவிடுகிறார்கள். எழுதுவது அதற்கும் பிறகுதான். நடுவே இரண்டாம் இழை வந்து, முன்போலவே, இப்பக்கங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அட்டவணையிலிருந்து நகல் நீங்கிவிடும். ஆனால் பிடித்திருக்கிறவன் ஒருவன் இருப்பதால் அந்தப் பக்கம் அழியாது, வேறெவருக்கும் கொடுக்கப்படவும் மாட்டாது. முதல் இழை எழுதுகிறது. எவர் கண்ணுக்கும் எட்டாத ஒரு பக்கத்தில் அந்த எழுத்து விழுகிறது. பிடியை விட்டதும் பக்கம் எழுத்தோடு மறைகிறது. எழுதிவிட்டு அதன்பின் எறிந்திருந்தாலும் முடிவு இதுவே ஆகியிருக்கும். இரண்டு காரியங்களையும் ஒருங்கே கேட்டவன் அந்த நிரலே. வரிசை எது என்று அது சொல்லவில்லை. ஆகையால், எழுதியது கிடைக்கவில்லையே என்று முறையிட அதற்கு இடமில்லை.